தோல்முட்டை

பஸ் ஊர் எல்லையைத் தாண்டினதுக்கு அப்புறம்தான் முப்பிடாதிக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. மடியில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை, பைக்குள் செவலைக் கோழி, அதன் தலை மட்டும் வெளியே. ஜன்னலோரச் சீட்டுக் கிடைத்தது நல்லதாகப் போயிற்று, கோழிமேல் காற்றுப் படும், காற்றுப் பட்டால் கொஞ்சம் தெளியும், டவுன் மாட்டாஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது கழுத்தை நிமிர்த்திக் கொக்கொக் என்றுகூடச் சொல்லும், டாக்டர் பார்த்துவிட்டு, இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தே, வெறும் கழிச்சல்தான், போ போ என்று ஒரு மருந்தைக் கொடுத்து விரட்டிவிடுவார், அப்படி விரட்டிவிட்டால் வடிவிடம் ஒன்றுமே சொல்ல வேண்டாம், சொல்ல ஒன்றும் இருக்காது. வடிவு என்பது அவள் வீட்டுக்காரர் பிச்சையாவின் தங்கை சுடலைவடிவு. டவுனுக்குப் போகிற வழியில் வெள்ளரிப்பட்டியில் இருக்கிறாள். இந்த பஸ் அந்த ஊர் ஆலமரத்தடியில் நின்றுதான் போகும். நிற்கட்டும். நின்றால் இறங்கணுமா என்ன, டவுனுக்குப் போகிறவள் டவுனுக்குத்தான் போகணும். செவலையின் தலை பையின் கைப்பிடிமேல் சாய்ந்தது. விரலால் நிமிர்த்தினாள். மறுபடி சாய்ந்தது. கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்று பைக்குள் எட்டிப் பார்த்தார். "எங்கம்மா போகுது மகாராணி?" "மாட்டாஸ்பத்திரிக்கு." "நீ பொம்பளை, உனக்கு இலவசம். இது பொட்டையா சேவலா?" "பொட்டைதான்." "அப்ப இதுக்கும் இலவசம். சேவலா இருந்தா விட்டிருக்க மாட்டேன்." முன்சீட்டில் சிரித்தார்கள். பின்னால் ஒரு கிழவர், "அப்ப எனக்குந்தான் ஒரு சேலையக் கட்டிவிடுங்கய்யா" என்றார். இன்னும் சிரித்தார்கள். முப்பிடாதியும் சிரித்தாள், சிரிக்காவிட்டால் முகத்தைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்த்தால் கேட்பார்கள். கண்டக்டர் செவலையின் தலையைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர்ந்தார். தட்டினது அதுக்குத் தெரிந்ததாகவே இல்லை.

கொண்டையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கொண்டையைப் பார்த்தாள். முந்தாநாள் வரைக்கும் செம்பருத்திப் பூவை மடித்துச் செருகினது மாதிரி இருந்த கொண்டை, இன்றைக்கு நாவல்பழத்தை நசுக்கினது மாதிரி ஓரமெல்லாம் ஊதாக் கறுப்பு. முதலில் பார்த்தபோது சேவல் கொத்தியிருக்கும் என்றுதான் நினைத்தாள். கொத்தினால் காயம் இருக்கும், காயம் இல்லை, இருந்தாலும் கொத்தினதுதான். கண்ணுக்குக் கீழே வீங்கி, இமை ஒட்டி, ராத்திரியெல்லாம் அழுத பொம்பளை மூஞ்சி மாதிரி ஆகிவிட்டபோது, கொசுக்கடி என்றாள். மூக்கில் நீர் வடிந்தபோது, பனி. காலில் செதிலுக்கு அடியில் ரத்தம் கட்டிக் கோடு கோடாகச் சிவந்திருந்தபோது, முள்ளுக்குள் போயிருக்கும், குப்பையைக் கிளறியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. கோழி வளர்க்கிறவளுக்குப் பதிலுக்கா பஞ்சம். ஆனால் அந்த ஆட்டோ வந்ததே, மைக் கட்டின ஆட்டோ, நேற்றுத் தண்ணிக் குழாயடியில் குடத்தோடு நிற்கும்போது. பள்ளிக்கூடத்துப் புத்தகத்தை வாசிக்கிற குரலில் ஒரு பெண்பிள்ளை சொல்லிக்கொண்டே போனாள்: பறவைக் காய்ச்சல் வந்தால் கோழிகளின் கொண்டையும் தாடையும் நீலமாகும், முகம் வீங்கும், கால்களில் இரத்தப் புள்ளிகள் தோன்றும், இரை எடுக்காது, கழுத்து முறுக்கிக்கொள்ளும், ஓடு மெலிந்த, ஓடு இல்லாத முட்டை இடும், திடீர் திடீரென்று இறக்கும், அவற்றைக் கையால் தொடாதீர்கள், தொட்டவர்களுக்குக் காய்ச்சல் இருமல் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குழாயடியில் ஒருத்தி, "மூஞ்சி வீங்குச்சான்னு கண்ணாடிய எடுத்துக் காட்டணுமோ கோழிக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். முப்பிடாதியின் குடம் நிரம்பி வழிந்து காலை நனைத்தது, அவளுக்குத் தெரியவில்லை. ஓடு இல்லாத முட்டை என்று சொன்ன இடத்திலேயே நின்றுவிட்டாள். ஆட்டோ அடுத்த தெருவுக்குப் போய், அங்கேயும் அதையே சொல்லிற்று. காற்று அந்தப் பக்கமிருந்து வந்ததால் அந்த ஒரு வரி மட்டும் திரும்பவும் காதில் விழுந்தது.

ஓடு இல்லாத முட்டை. தோல்முட்டை. அதை நினைக்கக் கூடாது. வெளியே பார்த்தாள். காற்றாலைக் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன, கரிசல் காட்டுக்கு நடுவில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல். அதில் ஒன்றின் அடியில்தான் பிச்சையா காவலுக்கு இருக்கிறார். காலையில் கூட்டைத் திறந்தபோது உள்ளே இருந்த கோழிகளெல்லாம் காலை நீட்டிச் செத்துக் கிடந்தன, செவலை ஒன்றுதான் மூலையில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தது. பிச்சையாவுக்குப் போன் போட்டபோது, "குழியத் தோண்டி சுண்ணாம்பப் போட்டு மூடு. மாட்டாஸ்பத்திரிக்குப் போன, அவ்வளவுதான், ஊருக்கோழியெல்லாம் புடிச்சுப் புதைப்பானுவ, ஊரு நம்ம வாசல்ல வந்து மண்ண வாரி இறைக்கும்" என்றார். அவர் சொல்வதும் சரிதான். எதிர்வீட்டுக்காரிக்குத் தன் கோழி இடுகிற முட்டையை விற்றுத்தான் சோற்றுக்கு வெஞ்சனம். ஆனால் பிச்சையாவுக்குத் தோல்முட்டை தெரியாது. யாருக்கும் தெரியாது. நாலு நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம், மேலத்தெருவில் கோழி செத்து விழுகிறது என்று காதில் பட்டதுமே, அவள் செய்தது ஊரில் எல்லாரும் செய்கிறதுதான். சீக்கு இறங்கிவிட்டால் நல்ல கோழிக்கு ஊர் மாற்றிவிட வேண்டும். கூடையில் வைத்து, பழைய சேலைத் துணியால் மூடி, ஓடையைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் கொண்டுபோய்ச் சொந்தக்காரர் வீட்டில் விட வேண்டும். சீக்கு ஓடை தாண்டாது. அவள் அம்மா அப்படித்தான் செய்தாள், மாமியார் அப்படித்தான் செய்தாள், போன கோழி பிழைத்து, குஞ்சும் குருமானுமாகத் திரும்பி வந்தது. அன்றைக்குப் புள்ளியைத்தான் முதலில் தூக்கினாள். வெள்ளையில் கறுப்புப் புள்ளி விழுந்த கோழி, வடிவு மகள் கனி எப்போது வந்தாலும் அதைத்தான் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, பச்சைப் பிள்ளைக்காரி மாதிரி தெருவில் நடப்பாள். தூக்கினபோது வைக்கோலில் அது கிடந்தது. வெதுவெதுவென்று, ஓடு இல்லாமல், உள்ளங்கையில் வைத்தால் நெளிகிற மாதிரி. பிடித்தால் உடையும் என்று பயமாக இருந்தது, விட்டால் விழும் என்றும் பயமாக இருந்தது. தோல்முட்டையை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, பேசவும் கூடாது, கூரைக்கு மேலாகப் பின்னால் எறிந்துவிட வேண்டும். எறிந்தாள். அந்தப் பக்கம் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. சுண்ணாம்புச் சத்துக் குறைச்சல் என்று சொல்லிக்கொண்டாள். கிளிஞ்சலைப் பொடித்துப் போடாமல் விட்டது நம்ம தப்பு. அப்படித்தானே நினைத்தாள், வேறு ஒன்றும் நினைக்கவில்லையே. நினைத்தாளா. கூடையை மூடும்போது கை ஒரு கணம் நின்றதே, அது என்ன. நிற்கவில்லை, முடிச்சு விழவில்லை, அதனால் நின்றது. இல்லை, நின்றது. இருட்டுகிற நேரம், கடைசி பஸ் போய்விடும், கனிக்குக் கொண்டுவருகிறேன் என்று போனில் சொல்லியாகிவிட்டது, "அத்தே, புள்ளியா? நெசமாவா?" என்று அது கத்தின கத்தில் காது அடைத்துப்போயிருந்தது. அதனால்தான் நிற்கவில்லை. நின்றுவிட்டு, பிறகு நிற்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குக் கனிஷ்கா, வீட்டுக்குக் கனி. முப்பிடாதி வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. தங்காத கணக்கை அவள் யாரிடமும் சொல்வதில்லை, கோயிலில்கூடக் கேட்பதை நிறுத்தி வருஷமாகிறது. கனி பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியில் சுற்றி முதலில் கொடுத்தது அவள் கையில்தான், வடிவு மயக்கத்தில் கிடந்தாள். அந்தக் கனம் இன்றைக்கும் கையில் இருக்கிறது. முட்டை பொறுக்கும்போது, குடம் தூக்கும்போது, சும்மா இருக்கும்போது. கனிக்கு அவளோடு ஒரே விளையாட்டு, பற பற. எதிரும் புதிருமாக உட்கார்ந்து, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, ஒருத்தி சொல்ல வேண்டும், காக்கா பற, இரண்டு பேரும் இரண்டு கையையும் தூக்க வேண்டும். கிளி பற, தூக்க வேண்டும். மாடு பற என்றால் தூக்கக் கூடாது, தூக்கினால் அவுட்டு. கனி கோழி பற என்பாள், சொல்லிவிட்டுத் தானே இரண்டு கையையும் உயர்த்துவாள். "கோழி பறக்காதுளா, நீ அவுட்டு." "பறக்கும். புள்ளி கூரை மேல பறந்துச்சு." "அது தாவுனது." "பறந்துச்சு!" இதுவரைக்கும் இந்த வழக்குத் தீரவில்லை. தோற்றால் புள்ளியைத் தூக்கிவந்து அதன் அலகில் முத்தம் கொடுத்து, நீ பறந்துதானே காட்டின, சொல்லு அத்தைகிட்ட, என்பாள். அலகில். அலகில் நீர் வடிந்திருந்தால். வடியவில்லை, அன்றைக்கு வடியவில்லை, பார்த்தாளே. பார்த்தாளா, இருட்டில் என்ன பார்த்தாள். காலையில் வடிவுக்குப் போன் போட்டாள். சொல்லத்தான் போட்டாள். "புள்ளி நல்லா இருக்கா வடிவு?" "புள்ளிக்கென்ன மதினி, கனி மடியிலதான் கெடக்கு." "கனி?" "படுத்துருக்கா. இன்னும் எந்திரிக்கல." என்றைக்கும் கோழி கூட்டை விட்டு இறங்குகிறதுக்கு முன்னால் எழுந்துவிடுகிற பிள்ளை. ஏன் எந்திரிக்கல என்று கேட்க வாய் எடுத்தாள், "சரி, வெச்சிருதேன்" என்று வந்தது. போனை வைத்துவிட்டுச் செவலையைப் பைக்குள் வைத்தாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

ஒரு பள்ளத்தில் பஸ் இறங்கி ஏறிற்று. பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். டாக்டர், அந்தச் சீக்கு இல்லை என்று சொல்லிவிட்டால். அது ஒன்றுதான் வேண்டும், இல்லை என்று ஒரு சொல். வெறும் கழிச்சல். வருஷா வருஷம் வருகிறதுதானே, வெள்ளை வெள்ளையாய்க் கழியும், இறக்கையைத் தொங்கப்போடும், சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்து உருட்டி விட்டால் பாதி பிழைக்கும். அதில் கொண்டை கறுக்குமா. கறுத்ததைப் பார்த்ததில்லை. பார்க்காததெல்லாம் இல்லாததா. நெற்றியைத் தொட்டுப் பார்க்கணும், கனி நெற்றியை, புறங்கையால், ஒரே ஒரு தரம். அது போதும், சுடவில்லை என்றால் அப்புறம் டாக்டர்கூட வேண்டாம். இறங்கிவிடலாமா வெள்ளரிப்பட்டியில். இறங்கி என்ன சொல்வது. சீக்குக் கோழியைத் தள்ளிவிட்டாள் என்று வடிவு நினைக்க மாட்டாள், அவள் அப்படிப்பட்டவள் இல்லை, மதினி கைராசி என்று ஊரெல்லாம் சொல்லுகிறவள். நினைக்க மாட்டாள் என்பதுதான் தாங்காது. முதலில் டாக்டர். இல்லை, முதலில் கனி. முதலில் என்று ஒன்று இல்லாத மாதிரி இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. மடியில் ஏதோ குறைந்தது. என்னவென்று முதலில் பிடிபடவில்லை. கனம் அப்படியேதான் இருந்தது. சத்தமும் ஒன்றும் வரவில்லை, வழக்கமாகக் கோழி போகும்போது ஒரு தரம் இறக்கையை அடிக்குமே, அதுவும் இல்லை. தொடைமேல் பைவழியாக இதுவரை துடித்துக்கொண்டிருந்த ஒரு சின்னச் சூடு, அடுப்பில் தணலை இழுத்துவிட்டால் சட்டி எப்படி ஆறுமோ அப்படி ஆறத் தொடங்கியிருந்தது. குனிந்தாள். செவலையின் கழுத்து, யாரோ பின்னால் கூப்பிட்டுத் திரும்பினது மாதிரி, முழுசாகத் திரும்பி முதுகில் கிடந்தது. கண் திறந்திருந்தது. ஆட்டோக்காரி வாசித்ததில் பாக்கி இருந்தது அது ஒன்றுதான். அலகிலிருந்து வடிந்தது அவள் விரலில் பட்டது. அந்த விரலைத் தூக்கிப் பார்த்தாள். இதே கையால்தான் காலையில் கூட்டிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தது. சோப்புப் போட்டுக் கழுவினாளா, சேலையில் துடைத்தாளா, நினைவில்லை. பஸ்ஸில் ஏறும்போது இதே கையால்தான் கம்பியைப் பிடித்தாள். இதே கையால் கனி நெற்றியைத் தொடப் போகிறாளாம்.

"வெள்ளரிப்பட்டியெல்லாம் இறங்கு!" என்று கண்டக்டர் கத்தினார். ஆலமரத்தடியில் பஸ் நின்றது. இறங்கவில்லை அவள். இறங்கக் கால் வரவில்லை. ஆனால் முன்படியில் யாரோ ஏறினார்கள், ஏறுகிறவளின் பச்சைச் சேலை தெரிந்தது, போன தீபாவளிக்கு முப்பிடாதி எடுத்துக்கொடுத்த சேலை. வடிவு. தோளில் கனி. முகம் சிவந்து, உதடு காய்ந்து, கண் பாதி மூடி இருந்தது. பஸ்ஸுக்குள் வந்ததும் அந்தக் கண் திறந்து, வரிசை வரிசையாகத் தேடாமலே, நேராக ஜன்னலோரத்துக்கு வந்தது. "அத்தே!" அம்மா தோளிலிருந்து வழுக்கி இறங்கிற்று. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, சீட்டுகளுக்கு நடுவில் இடித்து இடித்து வந்தது. முப்பிடாதி எழுந்தாள். எத்தனை தரம் இப்படி வந்திருக்கிறது, எத்தனை தரம் அள்ளியிருக்கிறாள். "வராத!" என்றாள். அது அவள் குரலே இல்லை. "அங்கனயே நில்லு! கிட்ட வராத!" பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரும்பாமல், பின்னால் பின்னால் நடந்து கடைசிச் சீட்டு வரைக்கும் போனாள். கனி நடுவில் நின்றுவிட்டது. நீட்டின கை நீட்டினபடி. அழக்கூட மறந்துபோய், தான் என்ன செய்தோம் என்று பார்த்தது. வடிவு ஓடிவந்து தூக்கினாள். "என்ன மதினி இது, நாய வெரட்டுத மாதிரி வெரட்டுதிய? ராத்திரியில இருந்து புள்ளைக்கு மேலு கொதிக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன். அத்தையப் பாக்கணும், அத்தையப் பாக்கணும்னு ஒரே அரட்டல். நீங்க என்னன்னா..." "புள்ளி எங்க வடிவு?" வடிவு பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். பிறகு தணிந்த குரலில், "நேத்தே சுணங்கிருச்சு மதினி. நீங்க ஆசையாக் குடுத்தது, சொன்னா வெசனப்படுவியன்னுதான் காலையில சொல்லல. இவ மடியில இருந்து எறக்கவே மாட்டேன்னுட்டா. மடியிலயேதான் போச்சு" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது. முப்பிடாதி பையை வாயைச் சுருட்டிக் கடைசிச் சீட்டுக்கு அடியில் தள்ளினாள். "நல்லாக் கேட்டுக்க. பெரிய ஆஸ்பத்திரியில போயி எல்லாத்தையும் சொல்லு. கோழிய மடியில வச்சிருந்தா, முத்தங் குடுத்தான்னு சொல்லு, கோழி செத்துப்போச்சுன்னு சொல்லு, ஒண்ணையும் மறைக்காத. நான் இங்கிட்டு மாட்டாஸ்பத்திரியில சொல்லுதேன். ஊரு என்னமும் பேசட்டும்." "மதினி?" "தோல்முட்டை போட்டுச்சு வடிவு. ஒங்க வீட்டுக்குக் கொண்டாந்த அன்னைக்கே. நான் கூரைக்கு மேல எறிஞ்சிட்டு, கூடைய மூடிட்டேன்." வடிவு மகளின் முகத்தை எடுத்துத் தன் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டு, போய் முன்சீட்டில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

கடைசிச் சீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து முன்னால் போனார்கள். சேலை கேட்ட கிழவரும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். கண்டக்டர் பாதி வழியில் நின்று, கோழித் தலையைத் தட்டின தன் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பிடாதி உட்காரவில்லை. உட்கார்ந்தால் சீட்டைத் தொட வேண்டும், நின்றால் கம்பியைத் தொட வேண்டும். நாளைக்கு இந்தக் கம்பியை யார் பிடிப்பார்களோ, எந்தப் பிள்ளை பிடிக்குமோ. இரண்டு கையையும் எதிலும் படாமல் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு, காலை அகட்டி நின்றாள். பள்ளம் வந்தபோதெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தாள். கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. "கம்பியப் புடிம்மா, ரோடு மோசம், விழுந்து வச்சிராத." "வேண்டாம்யா." இத்தனை நாளும் எதற்கு இந்தக் கை, எதை எடுத்தாலும் கொடுக்கிற கை, என்று மனசு ஓடிற்று. அதற்குள், அது இல்லை, கனி நெற்றி சுடும், புறங்கையில் எப்படிச் சுடும், எவ்வளவு சுடும், வடிவுக்குத் தொட்டுப் பார்க்கத் தெரியாது, அவள் உள்ளங்கையால் தொடுவாள், உள்ளங்கையால் தொட்டால் தெரியாது, என்று ஓடிற்று. பிறகு அந்த வைக்கோலும் அந்த வெதுவெதுப்பும் வந்தது. கூரையின் அந்தப் பக்கம் இப்போதும் அது கிடக்கிறதா, உடைந்ததா, உடையாமல் அப்படியே கிடக்கிறதா. முன்சீட்டில் வடிவின் தோளுக்கு மேலே கனியின் முகம் எழுந்தது. காய்ச்சலில் மினுங்கின கண்கள் பஸ்ஸின் நீளம் முழுவதும் தாண்டி வந்து அத்தைமேல் நின்றன. அத்தையின் முகத்தைப் பார்த்தது. தூக்கின கைகளைப் பார்த்தது. ஏதோ புரிந்துவிட்ட மாதிரி, கோபம் போய்விட்ட மாதிரி, காய்ந்த உதட்டில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. அம்மாவின் கழுத்திலிருந்து ஒரு கையை எடுத்தது, மற்ற கையையும் எடுத்தது, கனம் தாங்காத மாதிரி நடுங்கி நடுங்கி இரண்டையும் மேலே தூக்கிற்று. "கோழி பற" என்றது. சத்தம் இங்கே வரவில்லை. உதடு மட்டும் தெரிந்தது. பஸ் ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கிற்று. முப்பிடாதி கையை இறக்கவில்லை.